முதலில் குடிபோன குக்கர்

சந்திர மாதத்தில் ஒன்பதிலும் பூஜ்யத்திலும் முடிகிற தேதிகளில் பேய்கள் வானத்துக்குப் போய்விடும். மற்ற நாட்களில் கிழக்கில் இரண்டு நாள், தெற்கில் இரண்டு நாள், மேற்கில் இரண்டு நாள், வடக்கில் இரண்டு நாள் என்று தரையில் சுற்றிக்கொண்டிருக்கும். சியோலில் இதை யாரும் நம்புவதில்லை. வீடு மாறும்போது மட்டும் எல்லோரும் பேய்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மாறுவார்கள். நம்பாதவர்களின் கூட்டம் அதிகமாக இருப்பதால் அந்த நாட்களில் லாரிக்காரர்கள் ஒன்றரை மடங்கு கூலி வாங்குகிறார்கள்.

"சனிக்கிழமைன்னா பதினெட்டு லட்சம் வோன். அன்னிக்குப் பேய் இல்லாத நாள். வியாழக்கிழமை வெச்சுக்கிட்டீங்கன்னா பன்னிரண்டு" என்றார் எங்கள் வீட்டுச் சாமான்களை அளக்க வந்த லாரிக்காரர்.

என் கணவர் சாங்-பொம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதே லாரி?"

"அதே லாரி."

"அதே ஆளுங்க?"

"அதே ஆளுங்கதான். பேய் மட்டும் கூட வரும்."

"பேய்க்குத் தனியா கூலி உண்டா?"

"இல்ல சார். அது இலவசம்."

"அப்ப வியாழக்கிழமை" என்றார் சாங்-பொம்.

அவர் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஒவ்வொரு பொருளும் எத்தனை கிலோ என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். எத்தனை வோன் என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். தேனிலவுக்கு ஒதுக்கிய பணம் இந்த மங்வோன் வீட்டின் முன்பணத்துக்குள் போனது. முதல் ஆண்டுவிழாப் பணம் துணி துவைக்கும் இயந்திரமாக மாறியது. அதன் வட்டமான கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தண்ணீர் புரளும்போது, கடல் தெரிகிறதா என்று கேட்டுச் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை.

லாரிக்காரர் போனதும் ஒரு வெள்ளை உறையை எடுத்து, அதன்மேல் 'கடல்' என்று எழுதி, உள்ளே ஆறு லட்சம் வோன் வைத்து, குளிர்பதனப்பெட்டியின் மேல் காந்தத்தால் ஒட்டினார்.

"மி-ரான், இந்த வீடு மாத்தறதுல மிச்சமாகிற ஒவ்வொரு வோனும் உன்னோட கடலுக்கு. சத்தியம்."

நான் அன்றே கணக்குப் போட்டுவிட்டேன். கிழக்குக் கடற்கரையில், கங்நுங்கில் மூன்று இரவு. கடல் தெரிகிற அறை. இருவருக்கும் வேக ரயில். ஒரு நாள் பச்சை மீன் விருந்து. எல்லாம் அந்த உறைக்குள் அடங்கியது. அதனால் இந்தக் கதையில் நடக்கும் எல்லாக் கஞ்சத்தனத்துக்கும் நானும் உடந்தை.

மிச்சமிருந்தது ஒரே தடை. அத்தை.

"வியாழக்கிழமையா? டேய், அன்னிக்கு இருபத்தஞ்சாந் தேதி. பேயெல்லாம் மேற்குல இருக்கும்" என்று தொலைபேசியில் அலறினார் மாமியார். "நீங்க போற புச்சோன் எங்கடா இருக்கு?"

"மேற்குல" என்றார் சாங்-பொம் சின்னக் குரலில்.

"நேரா அது வாயிலயே போய் விழறேங்கிற."

"அம்மா, நான் இதெல்லாம் நம்பறதில்ல."

"நீ நம்பாட்டி என்ன, அது உன்னை நம்பிக்கிட்டு இருக்குமே."

சாங்-பொம் அன்று இரவு சாப்பாடு முழுவதும் யோசித்தார். நம்பாத ஒருவர் இவ்வளவு நேரம் யோசிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கண்கள் எங்கள் மின்சாரச் சோற்றுக் குக்கரின் மேல் நிலைத்திருந்தன.

வீடு மாறும்போது முதலில் புது வீட்டுக்குள் போக வேண்டியது குக்கர்தான். அது போய்விட்டால் குடும்பமே போய்விட்டதாகக் கணக்கு. பின்னால் வரும் கட்டிலும் அலமாரியும் வெறும் சாமான்கள். அவற்றை எந்தப் பேயும் கண்டுகொள்ளாது.

"சனிக்கிழமை குக்கர் போயிடும்" என்றார் மெதுவாக. "இருபதாந் தேதி. பேய் இல்லாத நாள். சட்டப்படி நாம அன்னிக்கே குடிபோயாச்சு. வியாழக்கிழமை சாமான் மட்டும் பின்னால வரும். பன்னிரண்டு லட்சத்துக்கு."

அத்தையிடம் கேட்டோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, "பேய் இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாப் பார்க்காது. சரி. உள்ள அரிசி போட்டு எடுத்துட்டுப் போங்க. காலியா போகக் கூடாது" என்றார்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. புச்சோன் வீட்டில் குவோன் என்கிற ஆள் வியாழக்கிழமை காலைவரை குடியிருந்தார்.

சனிக்கிழமை காலை, குக்கரைப் போர்வையில் சுற்றி மெட்ரோவில் எடுத்துப் போவதாகத் திட்டம். இரண்டாவது ரயில் மாறும் இடத்தில் படிக்கட்டைப் பார்த்ததும், "ஏழே கால் கிலோ. அரிசியோட ஏழரை" என்று அறிவித்துவிட்டுச் சாங்-பொம் டாக்ஸி பிடித்தார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் ஒரு பெட்டி சீமைப் பனிச்சைப் பழமும் வாங்கினோம். பச்சை மீன் விருந்து அந்த டாக்ஸியில் இறங்கிப் போய்விட்டது. பரவாயில்லை, கடற்கரையில் பன் தின்றாலும் இனிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

குவோன் கதவைத் திறந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்காலில் ஓட்டை விழுந்த பைஜாமா. போர்வைக்குள் இருந்ததைக் குழந்தை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தூங்குதா?"

"குக்கர் சார்" என்றார் சாங்-பொம். "அஞ்சே நாள். ஒரு ஓரமா இருக்கட்டும்."

"ஓ, அதுவா! உள்ள வாங்க, உள்ள வாங்க. தாராளமா இடம் இருக்கு. என்னோடது காலைலதான் நான் குடிபோகப்போற கிம்போ வீட்டுக்குக் கிளம்பிப் போச்சு."

"நீங்களும் அனுப்பிட்டீங்களா?"

"பெரியம்மா சொன்னாங்க. எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது."

"எனக்கும்தான்" என்றார் சாங்-பொம்.

நம்பிக்கையற்ற இருவரும் சேர்ந்து குக்கரைச் சமையல் மேடையில் பயபக்தியோடு வைத்தார்கள். அது சரியாகக் கிழக்கைப் பார்க்கிறதா என்று சாங்-பொம் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தார். குவோன் தன் கைப்பேசியையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

மாலையில் வீடு திரும்பி மூச்சு வாங்குவதற்குள் வாசல் மணி அடித்தது. எங்கள் வீட்டுக்கு வரவிருந்த புதுமணத் தம்பதி. பெண்ணின் கையில், துண்டில் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டிய குக்கர்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அஞ்சு நாள் மட்டும்..."

"அரிசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அரை கப் போட்டிருக்கோம் அக்கா."

"நாங்க ஒரு கப் போட்டோம்" என்றார் சாங்-பொம் பெருமையாக.

அன்று மங்வோனிலிருந்து புச்சோனுக்கும், புச்சோனிலிருந்து கிம்போவுக்கும், கிம்போவிலிருந்து இன்னும் எங்கெங்கோ குக்கர்கள் குடிபெயர்ந்திருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரு குக்கர் இருந்தது. எந்த வீட்டிலும் அந்த வீட்டுக் குக்கர் இல்லை.

"நல்லதாப் போச்சு. அஞ்சு நாளைக்கு இதுலயே பொங்கிக்கலாம்" என்று நான் ரிப்பனில் கை வைத்தேன்.

சாங்-பொம் பாய்ந்து வந்து தடுத்தார். "தொடாத! அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

அத்தை கேட்டதுமே சீறினார். "பொண்ணே, அடுத்தவங்க குக்கர்ல முதல் சோறு நீ பொங்கினா, அந்தப் பொண்ணோட வாழ்க்கைல நீ கை வெச்ச மாதிரி. பாவம் சுத்திச் சுத்தி உன்கிட்டயேதான் வரும்."

"பாத்திரத்துல பொங்கிக்கறேன் அத்தை."

"பாத்திரத்தையெல்லாம்தான் கட்டியாச்சே" என்றார் சாங்-பொம்.

ஆமாம். லாரிக்காரர்களிடம் பாதி வேலை மட்டும் கொடுத்தால் இன்னும் குறையும் என்று, சமையலறையை நாங்களே கட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பழக்கடையிலிருந்து பொறுக்கி வந்த ஆப்பிள் பெட்டிகளில் பாத்திரங்கள் எல்லாம் உறங்கிக்கொண்டிருந்தன. எந்தப் பெட்டியில் எது என்று எழுதவில்லை. மார்க்கர் பேனா ஆயிரத்தைந்நூறு வோன்.

ஐந்து நாள் வெளியே சாப்பிட்டோம். முதல் நாள் சூப். இரண்டாம் நாள் நூடுல்ஸ். மூன்றாம் நாள் சூடாக்கித் தின்கிற பெட்டிச் சோறு. அதற்கு ஓட்டல் சாப்பாடே மலிவு என்பது தின்று முடித்த பிறகு தெரிந்தது. ரிப்பன் கட்டிய குக்கர் மேடையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. உறையிலிருந்து மூன்றாவது இரவு மெல்ல மெல்லக் கரைந்தது. போகட்டும், இரண்டு இரவு என்பது கண்ணியமான எண்.

செவ்வாய்க்கிழமை மதியம் குவோனிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் குக்கர், திறந்த நிலையில். உள்ளே ஆவி பறக்கும் பட்டாணிச் சோறு.

"உங்க குக்கர் பிரமாதம்! அடி பிடிக்கவே இல்ல. மூணு நாளா இதுலதான் சாப்பாடு. அரிசியும் நல்ல அரிசி. எங்க வாங்கறீங்க?"

சாங்-பொம் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு பட்டாணி திரை முழுவதையும் நிறைத்தது.

"அதுல முதல் சோறு தின்னுட்டான்" என்றார்.

"உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்லையே."

"எனக்கு இல்ல. அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"நாம சொல்ல வேண்டாம்."

"சரி. சொல்ல வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே அத்தையின் எண்ணை அழுத்தினார்.

"முடிஞ்சது. முதல் சோறு தின்னவன் எவனோ அவன்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்தவன்" என்றார் அத்தை.

"அத்தை, அவர் அங்க மூணு வருஷமா குடியிருக்கார்" என்றேன்.

"அதைத்தான் சொல்றேன். இனி அவனை அசைக்கவே முடியாது."

"வியாழக்கிழமை காலி பண்றாரே."

"உடம்பு காலி பண்ணும்மா. ராசி அங்கயேதான் உக்காந்திருக்கும்."

பரிகாரம் அத்தையிடமே இருந்தது. சிவப்புப் பயறு தூவி ஆவியில் வேகவைத்த அரிசிக் கேக். அதை அந்தக் கட்டடத்தில் நம் வாசல் பக்கம் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் பேயும் ஓடும், குவோனின் ராசியும் ஓடும். பதினைந்து மாடி, மாடிக்கு இரண்டு வீடு. கேக் கடைக்காரர் முப்பது பங்கு என்றதும் மகிழ்ந்துபோய், இரண்டு பங்கு இனாமாகத் தருவதாகச் சொன்னார். சாங்-பொம் அந்த இனாமைப் பற்றி அன்று முழுவதும் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாவது இரவும் கடல் தெரிகிற சன்னலும் அந்தக் கேக்குக்குள் வெந்தன. எனக்கு இன்னும் ஓர் இரவு இருந்தது. சுவரைப் பார்க்கிற அறை. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் கடல்தானே.

வியாழக்கிழமை வந்தது. எங்கள் சாமான்கள் கீழே இறங்கின. புதுமணத் தம்பதியின் சாமான்கள் மேலே ஏறின. ரிப்பன் அவிழாத குக்கரை அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொடவே இல்லையா அக்கா? நீங்க தெய்வம்" என்றாள். ஐந்து நாள் ஓட்டல் சாப்பாட்டில் தெய்வத்துக்கு வயிறு உப்பியிருந்தது.

புச்சோனில் குவோன் சாவியைக் கொடுத்துவிட்டு, குக்கரை ஒரு முறை அன்போடு தட்டிக்கொடுத்தார். "என்னோட குக்கரை கிம்போல ஒரு குடும்பம் பயன்படுத்திக்கிட்டு இருக்காம். கேட்டதுமே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இப்பிடியெல்லாமா மனுஷங்க இருப்பாங்க?"

எங்கள் புது வீடு ஏழாவது மாடி. லாரி வந்து நின்றது. நான்கு ஆட்கள் குளிர்பதனப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனார்கள். கட்டடக் காவலாளி குறுக்கே வந்தார்.

"எந்த வீடு?"

"எழுநூற்று இரண்டு."

அவர் ஒரு பதிவேட்டைப் புரட்டினார். "லிஃப்டுக்குச் சொல்லலையே. இன்னிக்குப் பதினொண்ணாவது மாடிக்காரங்க எடுத்திருக்காங்க. சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அவங்களுக்குத்தான்."

எல்லோரும் சாங்-பொம்மைத் திரும்பிப் பார்த்தோம். வீடு மாறும் நாளில் லிஃப்டுக்கு முன்பதிவு செய்து பணம் கட்ட வேண்டும் என்பது கட்டடத்தில் பொம்மை வைத்து விளையாடும் குழந்தைக்கும் தெரியும். லிஃப்ட் பராமரிக்கும் மனிதருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கட்டவில்லை.

"நான் இந்தத் தொழில்லதாங்க இருக்கேன்" என்றார் காவலாளியிடம் நெருங்கி. "இது தொள்ளாயிரம் கிலோ தாங்குற மாடல். நடுநடுவுல ரெண்டு தடவை போய்ட்டு வந்தா ஒண்ணும் ஆகாது."

"அப்ப உங்களுக்கு விதியும் தெரிஞ்சிருக்குமே."

"பதினொண்ணாவது மாடிக்காரங்க எப்ப பதிவு பண்ணாங்க?"

"ஒரு மாசம் முன்னால."

"வியாழக்கிழமையா பார்த்து எதுக்கு மாத்தறாங்க?"

"மலிவாம்" என்றார் காவலாளி.

லாரிக்காரர்கள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மணிக்கணக்கில் காத்திருந்தால் கூலி கூடும் என்று அவர்களில் மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நினைவூட்டினார். சாங்-பொம் தொலைபேசியில் மூன்று இடங்களில் பேரம் பேசினார். நான்காவது இடத்தில் பேரம் பேசவில்லை. அரை மணி நேரத்தில், பால்கனிவரை ஏணி நீட்டிச் சாமான் ஏற்றும் லாரி வந்து நின்றது. அதன் கட்டணத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் செத்துவிட்டது. மேலே வந்து, புது வீட்டுச் சமையல் மேடையில் நான் வைத்திருந்த வெள்ளை உறையை எடுத்து, நோட்டுகளை எண்ணி உருவினார். திரும்ப வைக்கும்போது உறை காற்றில் அசைந்தது.

"எவ்வளவு இருக்கு?" என்றேன்.

"தொண்ணூத்தஞ்சாயிரம்." பிறகு, கண்ணைப் பார்க்காமல், "ரெண்டு பேருக்குப் பத்தாது. கடல் எங்க ஓடிப் போயிடப் போகுது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் மி-ரான். இதையும் திரைச்சீலைக்கு வெச்சுக்குவோம்."

"சரி" என்றேன்.

"கோவம் இல்லையே?"

"ஒரு கோவமும் இல்ல."

பால்கனியில் அலமாரி வந்து முட்டியது. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்! அது நாப்பத்திரண்டு கிலோ, பாத்து!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

நான் உறையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். குக்கரின் மின்கம்பியைச் சுருட்டினேன். உள்ளே கொஞ்சம் அரிசி அள்ளிப் போட்டேன். காலியாகப் போகக் கூடாது. போர்வை எந்தப் பெட்டியில் என்று தெரியாததால் என் மேலங்கியைக் கழற்றி அதில் சுற்றினேன். லிஃப்டில் பதினொன்றாவது மாடிக்காரரின் சோபாவுக்குப் பக்கத்தில் எனக்கும் குக்கருக்கும் இடம் இருந்தது.

"எங்க போறீங்கம்மா இந்த நேரத்துல?" என்றார் காவலாளி.

"வீடு மாத்தறேன்."

"இப்பதானே வந்தீங்க?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் கணக்குப்படி, இது எங்க போகுதோ அங்கதான் வீடு."

வேக ரயிலில் சன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. குக்கரை அதில் உட்காரவைத்தேன். சீட்டுப் பார்க்க வந்த பெண் குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

கங்நுங்கில் இறங்கியபோது வானம் கருநீலமாகியிருந்தது. விடுதிக்காரி, "ஒரு ஆளா?" என்றாள்.

"ஒரு ஆளும் ஒரு குடும்பமும்" என்றேன். ஒரு ஆளுக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டாள். எதிர்பார்த்தபடியே சன்னலுக்கு வெளியே சுவர். ஆனால் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. நான்கு வருடமாகக் கேட்க நினைத்த சத்தம். துணி துவைக்கும் இயந்திரம்போல அது கொஞ்சமும் இல்லை.

அரிசியைக் கழுவி, குக்கரை மின்சாரத்தில் செருகினேன். குக்கருக்குள் பதிவாகியிருக்கும் பெண் தன் வழக்கமான உற்சாகக் குரலில், "சுவையான சோறு சமைக்கத் தொடங்குகிறேன்" என்றாள். அப்போதுதான் கைப்பேசியைத் திறந்தேன். கணவரிடமிருந்து பதினாறு அழைப்புகள். நான் எதுவும் எழுதவில்லை. குக்கரையும் சுவரையும் சேர்த்து ஒரு படம் மட்டும் அனுப்பினேன்.

முதலில் அழைத்தது அத்தை.

"பொண்ணே, குக்கரு எங்க?"

"கங்நுங்ல, அத்தை."

மறுமுனையில் நாட்காட்டி புரளும் சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். நான்கு வருட மருமகள் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாகக் காத்திருந்ததில்லை.

"இன்னிக்கு இருபத்தஞ்சு" என்றார் அத்தை மெதுவாக. "பேய் மேற்குல. நீ போயிருக்கறது கிழக்கு."

"ஆமா அத்தை."

"முழுக் கிழக்கு."

"இதுக்கு மேல போனா கடல்தான் அத்தை."

"அடி என் கண்ணு! இந்தக் குடும்பத்துல ஒருத்திக்காவது திசை தெரிஞ்சிருக்கே. அந்தப் பய பாரு, மேற்குல, குக்கரும் இல்லாத வீட்டுல, பேயோட ஒத்தையா உக்காந்திருக்கான். குடிபோன முதல் ராத்திரி குக்கரை விட்டுப் பிரிஞ்சு தூங்கக் கூடாதுன்னு அவனுக்குச் சொன்னேனா இல்லையா? இரு, நான் பேசறேன்."

பத்து நிமிடம் கழித்துச் சாங்-பொம் அழைத்தார். பின்னணியில் பேருந்து நிலைய அறிவிப்புகள் கேட்டன.

"ரயிலை விட பஸ்ல பத்தாயிரம் வோன் கம்மி" என்றார் முதல் வார்த்தையாக. பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் இதெல்லாம் நம்பறவன் இல்ல. அம்மாதான் ரொம்பச் சொன்னாங்க" என்றார்.

"தெரியும். கேக்கை எல்லா வீட்டுக்கும் கொடுத்துட்டீங்களா?"

"எங்க நேரம்? முப்பத்திரண்டு பங்கும் என்கிட்டதான் இருக்கு. பதினாலு கிலோ." மூச்சு வாங்கியது. "மி-ரான், அறைல எத்தனை பேருன்னு சொல்லியிருக்க?"

"ஒரு ஆள்னு."

"ரெண்டாவது ஆளுக்குக் கூட வாங்குவாங்களா?"

"பதினஞ்சாயிரம்."

மேற்கில் ஒரு பேருந்து உறுமுவதும் கிழக்கில் ஓர் அலை உடைவதும் ஒரே நேரத்தில் கேட்டன.

"உறைல எவ்வளவு மிச்சம்?" என்றார்.

"பன்னிரண்டாயிரம்."

"சரி, மூணுதானே. நான் போட்டுக்கறேன்" என்றார் என் கணவர், தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக.

எனக்குப் பின்னால் குக்கர், சோறு தயார், நன்றாகக் கிளறிவிடுங்கள் என்றது. நான் கைப்பேசியை வைத்துவிட்டுக் கிளறினேன். ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அவருக்கென்ன, பதினாலு கிலோ கேக்கோடு வருகிறார்.